‘இரு இரு’ன்னு கத்துன காத்தாயி

ஒரு ஊர்ல ஒரு காவக்காரி இருந்தா, பேரு காத்தாயி. ஊருன்னா பஸ்ஸு வர்ற ஊரு இல்லடா. ஒரு பொண்ணோட முட்டித் தோலுக்குள்ள இருந்த ஊரு. கண்ணுக்கே தெரியாது, அம்புட்டுச் சின்னது. பெரிய வகுப்புக்குப் போனா அதை ‘செல்’லுன்னு சொல்லுவாங்க, உள்ள வேலை பாக்கிறவங்களைப் புரதம்பாங்க. அவங்க என்னமும் சொல்லிட்டுப் போகட்டும், நமக்கு ஊரு, ஆளு, அவ்வளவுதான். ம் சொல்லு.

“ம்.”

அந்த ஊர்ல ஒரு வழக்கம். ஆளு பத்தலைன்னா புது ஊரு கட்ட மாட்டாங்க, இருக்கிற ஊரே ரெண்டாப் பிரியும். ஊரு நடுவுல நூலு இருக்கும். எப்படிச் சோறாக்கணும், எப்படிச் சுவரு எழுப்பணும், எல்லாமே அந்த நூலைத் தடவித்தான் தெரிஞ்சுக்குவாங்க. பிரியறதுக்கு முன்னால ஒவ்வொரு நூலுக்கும் அச்சு அசலா ஜோடி நூத்து, ரெண்டு ஊருக்கும் சரியாப் பங்கு போடணும். ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு! பக்கத்துல ஒரு ஊரு அப்படித்தான் அவசரப்பட்டுப் பிரிஞ்சுது. அப்புறம் நிறுத்தவே தெரியாம பிரிஞ்சுக்கிட்டே, பிரிஞ்சுக்கிட்டே... சுத்தியிருந்த ஊரையெல்லாம் நசுக்கிருச்சு.

“ஐயோ.”

அதுக்குத்தான் பிரியற வழியில மூணு கதவு. மூணுக்கும் காத்தாயிதான் காவல். கதவைத் தள்றது மொக்கையன்னு ஒரு பலசாலி. பலசாலியாம் பலசாலி, சரியான தூங்குமூஞ்சி! அந்த ஊர்ல அக்கா தங்கச்சி மூணு பேரு உண்டு, அவங்கள்ல ஒருத்தி வந்து கையைப் பிடிச்சாத்தான் எந்திரிப்பான். மூணு பேரும் காத்தாயி மடியில வளந்தவளுங்க. நல்லா வளந்து ஆளானாத்தான் அவங்க கைக்குப் பலம் வரும். வேலை முடிஞ்சா, கரைக்கிறதுக்குன்னே இருக்கிற ஆளுங்க வந்து தொட, கரைஞ்சு போயிருவாங்க.

“ஏன் கரையணும்?”

கரையலைன்னா மொக்கையன் முழிச்சுக்கிட்டே இருந்து கண்டமேனிக்கு ஊரைப் போட்டு ஆட்டி வைப்பானே! கடைக்குட்டி பூரணிக்கும் அதே சந்தேகம்தான். “யக்கா, நானும் கரைஞ்சிருவேனா?”ன்னு கேப்பா. காத்தாயி பேச்சை மாத்திருவா.

ஒரு நாள் தடால்! அந்தப் பொண்ணு சைக்கிள்லருந்து விழுந்துட்டா. தோலு சரக்குன்னு கிழிஞ்சுது. பக்கத்து ஊரெல்லாம் காணோம். திறந்து கிடந்த புண்ணு வழியா கிருமிங்க நொழையப் பாக்குது. “ஆளு வேணும்! பிரிங்க, சீக்கிரம் பிரிங்க!”ன்னு வெளியில ஒரே கூப்பாடு. டம் டம் டம்முன்னு சுவத்தைத் தட்டுறாங்க.

அப்போ மூத்தவ ஓடி வந்து மொக்கையன் கையைப் பிடிச்சா. அவன் கண்ணைத் தேச்சுக்கிட்டு எந்திரிச்சான்.

“இரு!”ன்னா காத்தாயி. “ரெண்டு ஊருக்குச் சோறு காணுமா, பத்துமா?”

பானை பானையா எட்டிப் பாத்தா. வெளியில டம் டம் டம். காணும்னு தெரிஞ்சப்புறம்தான் “தள்ளு”ன்னா. கிறீச்! முதக் கதவு திறந்துச்சு. திரும்பிப் பாத்தா மூத்தவளைக் காணோம். சளக்குன்னு கரைஞ்சுட்டா.

அப்புறம் கரகர கரகரன்னு நூலு நூத்தாங்க. எல்லாத்துக்கும் ஜோடி ஆச்சு. நடுவுள்ளவ வந்து கையைப் பிடிச்சா. மொக்கையன் ரெண்டாவது கதவுல தோளைக் குடுத்தான்.

“இரு!” காத்தாயி ஒவ்வொரு நூலாத் தடவிக்கிட்டே வந்தா. திடீர்னு விரலு நின்னுச்சு. ஒரு நூலு அறுந்து கிடக்கு! என்னைக்கோ தோலு மேல பட்ட வெயிலு அறுத்தது.

“ஒரு நூலுதானே, விடு தாயி,”ன்னான் மொக்கையன்.

“தச்சாத்தான் கதவு. தைக்க முடியலைன்னா இந்த ஊரையே அழிச்சிருவேன், என்னையும் சேத்து. கெட்ட நூலோட ஒரு ஊரு இங்கருந்து வெளிய போகாது.”

நூலு தைக்கிறவங்க ஓடி வந்தாங்க. கோத்தாங்க, நழுவுச்சு. மறுபடி கோத்தாங்க, மறுபடி நழுவுச்சு. அப்புறம் ஒரு வழியா டக்குன்னு முடிச்சு விழுந்துச்சு. காத்தாயி இழுத்து இழுத்துப் பாத்துட்டு, “தள்ளு”ன்னா. கிறீச்! நடுவுள்ளவளும் போயிட்டா. முழிச்சிருக்கியா?

“ம். பூரணி?”

அவதான் அடுத்து. மூணாவது கதவுல வழக்கமே வேற. நூலு ஜோடியெல்லாம் நடுவுல வரிசையா நிக்கணும். ரெண்டு கோடியிலருந்தும் கயிறு வீசி, ஒவ்வொரு ஜோடியையும் ரெண்டு பக்கமும் மாட்டணும். மாட்டி முடிக்கிற வரைக்கும் பூரணி மொக்கையன் கையை விடக்கூடாது, அவன் பிடிதான் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கும். காத்தாயி “இரு, இரு”ன்னு கத்திக்கிட்டே இருக்கணும். அவ கத்துற வரைக்கும் கரைக்கிறவங்க பூரணிகிட்ட வர மாட்டாங்க. அவ வாயை மூடினா வந்துருவாங்க. புரியுதா?

“...ம்.”

சர் சர்ருன்னு கயிறு பறக்குது. டக், டக், டக்குன்னு மாட்டுது. ஒரே ஒரு ஜோடி மட்டும் ஓரமா ஆடிக்கிட்டு நிக்குது, கயிறு வந்து வந்து வழுக்குது. வெளியில சுவரே அதிருது. “கிருமி உள்ள வந்துருச்சு! இன்னுமா பிரியல?” காத்தாயிக்குத் தொண்டை கட்டிப் போச்சு. ஆனாலும் “இரு, இரு, இரு!”

டக்.

கடைசி ஜோடியும் மாட்டிக்கிச்சு. அது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.

அப்போ காத்தாயி பூரணியைப் பாத்தா. பூரணி சிரிச்சா. காத்தாயி என்ன பண்ணா தெரியுமா? “இரு!”ன்னு இன்னொரு தடவை கத்திட்டா. பொய்யா! அந்த நேர்மைக்காரி! பிள்ளையை விட்டுக் குடுக்க மனசு வரல அவளுக்கு.

பூரணி திரும்பி அந்த ஜோடியைப் பாத்தா. “யக்கா, மாட்டிருச்சு போல?”

காத்தாயி கயித்தைப் பாக்கிற மாதிரி திரும்பிக்கிட்டா.

“அப்ப ஏங்க்கா கத்துற? வெளியில பாவம்க்கா.”

காத்தாயி வாயை மூடிக்கிட்டா.

கரைக்கிறவங்க வந்தாங்க. சளக். மொக்கையன் கை தொப்புன்னு விழுந்துச்சு, அவன் அப்படியே தூங்கிட்டான், மூணாவது கதவு தானாத் திறந்துக்கிச்சு. விர்ருன்னு கயிறு ரெண்டு பக்கமும் இழுக்க, ஜோடியெல்லாம் பிரிஞ்சு போக, ஊரு இடுப்பு நெரிஞ்சு நெரிஞ்சு... பொத்! ரெண்டு ஊரு. ரெண்டும் ஓடிப்போய் புண்ணோட வாயில சுவரு மேல சுவரா நின்னுக்கிச்சு. அதே மாதிரி இன்னும் எத்தனையோ ஊரு வந்து சேந்துச்சு. கிருமிக்கு வழியில்ல.

“பூரணி திரும்பி வருவாளா?”

வேற பூரணி வருவா. இவ வர மாட்டா, உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்.

புது ஊர்ல எல்லாரும் ஆ ஊன்னு ஒரே கொண்டாட்டம். காத்தாயி மட்டும் நூலுகிட்டப் போனா. ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தா. ஒண்ணு அறுகல. ஒண்ணு குறையல. எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான், அங்கேயே உக்காந்து வாய்விட்டு அழுதா.

அவ்வளவுதான்டா, கதையும் ஆச்சு, விளக்கும் அணைஞ்சாச்சு. கண்ணை மூடு.