நாலாவது வட்டில்

ஒரு ஊர்ல ஒரு வீடு. வீட்டுல மூணே பேரு. அம்மா பேச்சி, மூத்தவ ஆவுடை, இளையவ செல்லாயி. ம் கொட்டு கண்ணு.

"ம்."

ஊருக்கு வெளிய பனங்காட்டுக்குள்ள ஒரு கிணறு. அதுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு மொகம் கிடையாது. யாரைப் பார்க்குதோ அவங்க மொகத்தை எடுத்து மாட்டிக்கும், குரலும் அவங்க குரலாவே ஆயிரும். அதனால அந்த ஊர்ல ஒரு வழக்கம். தண்ணிக்குப் போற கூட்டத்துல எல்லாரும் வீட்டு ஆளா இருக்கணும். ஆனா வீட்டு ஆளு எல்லாரும் போயிரக் கூடாது. ஒருத்தராவது உள்ள மிச்சம் இருக்கணும். யாருமில்லாத வீடுன்னா அது வந்து குடியேறிரும்.

ஒரு நாள் பேச்சியும் ஆவுடையும் தண்ணிக்குப் போனாங்க. செல்லாயி உள்ள தாழ்ப்பாள் போட்டு இருந்தா. அந்தி மயங்கிருச்சு. சலக், சலக்னு குடம் தளும்புற சத்தம். கதவிடுக்குல பார்த்தா, மூணு உருவம்.

"யாரு யாரு?"

"பேச்சி."

"ஆவுடை."

"செல்லாயி."

செல்லாயி தாழ்ப்பாளை எடுக்காம உள்ள இருந்தே கத்துனா. "செல்லாயி நான் இங்க உள்ள இருக்கேன். கூட வந்தது நம்ம வீட்டு ஆளில்லம்மா."

உஸ்ஸ்ஸ்னு ஒரு காத்து. அப்புறம் வாசல்ல ரெண்டு பேருதான். தங்களோட ஒண்ணு நடந்து வந்ததே, அது வாயைத் தெறக்குற வரைக்கும் அவங்களுக்குத் தெரியல.

"ம்."

அப்புறம் ஒரு நாள் நல்ல மழை. யாருமே தண்ணிக்குப் போகல. அப்போ டொக், டொக். "தண்ணி கொண்டாந்துட்டோம், தெறங்க."

பேச்சி சொன்னா, "இன்னைக்குப் போன கூட்டத்துல ஒரு ஆளும் இல்ல. ஆளே இல்லாத கூட்டத்துல வேத்தாளு நீ எப்படி இருப்ப?"

டொக் சத்தம் நின்னு போச்சு. "மொகத்தை எடுத்துக்குது, மூளையை எடுக்க மறந்துருச்சு போல"ன்னா ஆவுடை.

"ம்... அப்புறம்?"

அப்புறம் மறுபடி அம்மாவும் அக்காவும் கிணத்துக்குப் போனாங்க. பனங்காட்டுல இருந்து பேச்சி குரல் கேட்டுச்சு. "செல்லாயி, விழுந்துட்டேன்டி, வாடி." பெத்தவ கூப்பிட்டா புள்ளை நிக்குமா? கதவை அப்படியே போட்டுட்டு ஓடுனா.

கிணத்தடியில பேச்சி நல்லாத்தான் நிக்கிறா. "நீ ஏன்டி வந்த? நான் கூப்பிடவே இல்லையே."

மூணு பேரும் திரும்பி ஓடி வந்தா, கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். உள்ள விளக்கு எரியுது.

உள்ள இருந்து கேக்குது, "யாரு யாரு?" செல்லாயி குரல்.

பேச்சி கண்ணை மூடி சாமியைக் கும்பிட்டா. ரெண்டு புள்ளைங்க கையையும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "பேச்சி. ஆவுடை. செல்லாயி."

"எல்லாரும் வீட்டு ஆளுதான். ஆனா ஒருத்தி மிச்சம் இருக்கணுமே. அது நாந்தான்."

"இல்லய்யா. இன்னைக்கு வீடு மொத்தமும் வெளிய நிக்குது. எங்க வீட்டுல மிச்சம்னு ஆளே இல்ல. இல்லாத ஆளா நீ எப்படி இருப்ப?"ன்னா பேச்சி.

உள்ள இருந்து ஒரு தேம்பல். ஃபூன்னு விளக்கு அணைஞ்சுது. கிளிக்னு தாழ்ப்பாள் தெறந்துக்கிச்சு.

உள்ள போய் விளக்கைப் பொருத்திப் பார்த்தா, சோறு போட்டு வச்சிருக்கு. நாலு வட்டில்ல.

பேச்சி அந்த நாலாவது வட்டில் சோத்தை மட்டும் வெளிய கொண்டு போய் வச்சா. "சாமி, அந்த மொகமில்லாததையும் எங்கயாவது ஒரு வீட்டுல சேர்த்துரு"ன்னு கும்பிட்டா. அதுக்கப்புறம் செல்லாயி யாரு கூப்பிட்டாலும் வீட்டை விட்டுட்டு ஓடல.

"அம்மாச்சி, நம்ம வீட்டுல?"

உங்கம்மாவும் மாமாவும் கோயிலுக்குப் போயிருக்காங்க. நீயும் நானும் மிச்சம் இருக்கோம்ல.

"கதவு தட்டுனா?"

யாரு யாருன்னு கேட்டுட்டுத்தான் தெறப்பேன். கதை படுத்துருச்சு, நீயும் கண்ணை மூடு.