தழும்பு திருடிய பளிங்கி

முன்னொரு காலத்திலே நீலவரை என்று ஒரு நாடு இருந்தது. மலை உண்டு, ஏரி உண்டு, வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஜனங்களும் உண்டு. அங்கே பெண்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் மருதாயி. பணியாரக்காரி முதுகும் அவள் கைக்குத் தெரியும், ராணி கோமளவல்லியின் முதுகும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

மருதாயிக்கு ஒரே மகள், பொன்னரும்பு. பார்க்க லட்சணமான பெண்தான். ஆனால் இடது தோளில் வெற்றிலை அகலத்துக்கு ஒரு தீத்தழும்பு. ஏழு வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்டது. "சட்டியைத் தானே இழுத்துக் கொட்டிக்கிட்டா" என்று மருதாயி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அது பொய். அவசரத்தில் சட்டியைத் தவறவிட்டவள் மருதாயியேதான். அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. அந்தத் தழும்பைக் காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு நாள் உச்சிவேளை. காற்று நின்றுபோயிருந்தது, காக்கை கூடக் கத்தவில்லை. ஏரிக்கரைப் படியில் ஒருத்தி ஏறி வந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளைப் பட்டு, முகம் மட்டும் வெளியே. அந்த முகத்தில் ஒரு மச்சம் இல்லை, ஒரு கோடு இல்லை. சிரித்தாலும் கன்னம் அசையவில்லை. பெயர் பளிங்கி என்றாள். கையில் ஒரு ஜாடி.

"தழும்பு போகும், சுருக்கம் போகும், தந்தவர் தடமும் போகும்! வாங்க, பூசிக்கோங்க! விலை கிடையாது!"

விலை இல்லை என்றதும் ஊர் முண்டியடித்துக்கொண்டு ஓடியது. அவள் மூன்றாவதாகச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மருதாயியும் ஒரு விரல் களிம்பு வாங்கி வந்து மகளின் தோளில் தானே பூசினாள். தழும்பு மறைந்தது. 'அப்பாடா, என் பாவம் தொலைந்தது' என்று பெருமூச்சு விட்டாள். தன் உள்ளங்கைக் காய்ப்பில் அவள் பூசிக்கொள்ளவில்லை. கை வழுவழுத்துப் போனால் பிழைப்பு என்ன ஆவது?

பொழுது விடிந்தது. மகள் எழுமுன்பே மருதாயி தெருவில் இறங்கினாள். பணியாரக்காரி கையில் நெருப்புப் பொறி தெறித்த புள்ளிகள் இல்லை. அவள் அடுப்பு நெருப்பைப் பார்த்து, "என்ன அழகான பூ!" என்று கையை நீட்டினாள். மருதாயி ஓடிப்போய் இழுத்தாள். அரண்மனைக்குப் போனாள். பிள்ளை பெற்ற வயிற்றுக் கோடுகள் ராணிக்கு இல்லை. மடியில் ஏறிய இளவரசனை இறக்கிவிட்டு, "யார் வீட்டுக் குழந்தை இது?" என்று கேட்டாள் ராணி. மருதாயிக்கு அப்போதுதான் புரிந்தது. எது தழும்பைத் தந்ததோ, அது மறந்துபோகிறது!

விழுந்தடித்து வீட்டுக்கு வந்தாள். பொன்னரும்பு வாசலில் நின்றிருந்தாள்.

"யாருங்க நீங்க? ரொம்ப மூச்சு வாங்குதே, தண்ணி குடிக்கிறீங்களா?"

எவ்வளவு மரியாதை! மருதாயிக்கு அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது.

பளிங்கி ஏரிக்கரைக் குளியல் மண்டபத்தில் தங்கியிருந்தாள். மருதாயி போய்க் காலில் விழுந்தாள். "தாயி, என் மக தழும்பைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தவங்க கேட்டா திரும்பி வராது" என்றாள் பளிங்கி. பிறகு தோளை நெளித்தாள். "நீ எண்ணெய் தேய்க்கிறவளாமே? உடம்பெல்லாம் ஒரே வலி. தேய்ச்சு விடு."

மருதாயி நல்லெண்ணெயில் மிளகும் பச்சரிசியும் போட்டு, மிளகு வெடிக்கும்வரை காய்ச்சினாள். பளிங்கி பட்டுத்துணியை விலக்கிக் குப்புறப் படுத்தாள்.

அந்த முதுகை என்னவென்று சொல்வேன்! ஊரின் சுருக்கமெல்லாம் அங்கே இருந்தது. அம்மைத் தழும்பு, நாய்க்கடி, அரிவாள் வெட்டு, இண்டு இடுக்கு இல்லாமல் அப்பியிருந்தன. மருதாயி கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாள். இது பணியாரக்காரியின் புள்ளி. இது ராணியின் வயிற்றுக் கோடு. இடது தோளுக்குக் கை போனது. வெற்றிலை அகலம். இன்னும் சூடாக இருந்தது.

மெல்ல நகத்தால் நெம்பினாள். தோல் வாயாகத் திறந்து அவள் விரலைக் கவ்வியது.

"நான் முழிச்சிருக்கிற வரைக்கும் என் பொருள் என்னை விட்டுப் போகாது" என்றாள் பளிங்கி. "நான் தூங்கினதே இல்லை. ம், தேய்!"

மருதாயி விரலை உருவிக்கொண்டு தேய்த்தாள். பிடரியில் தேய்த்தாள், விலாவில் தேய்த்தாள், உள்ளங்காலில் தேய்த்தாள்.

"இன்னும் தேய்" என்றாள் பளிங்கி, குரல் குழைந்து.

வெந்நீர் விளாவி, அரப்புப் பொடி தேய்த்து, குளிக்க வைத்தாள். சுடச்சுட மிளகு ரசம் ஊற்றிச் சோறு போட்டாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் கண்ணயரக் கூடாது என்று நீலவரையில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அம்மாக்காரி எதிரே உட்கார்ந்து, தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டே இருப்பாள். பளிங்கிக்கு அதைச் சொல்ல யாரும் இருந்ததில்லை.

"கொஞ்சம் தலை சாய்ச்சுக்கவா?" என்று கேட்டாள் பளிங்கி.

"சாய்ச்சுக்கோங்க தாயி" என்றாள் மருதாயி. எண்ணெய் தேய்த்துவிட்ட யாருக்கும் அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை அது.

பளிங்கியின் கண் சொருகியது. தோல் தளர்ந்தது. மருதாயி மிச்ச எண்ணெயைத் தொட்டு எதிர்த்திசையில் வழித்தாள். உள்ளங்கைக் காய்ப்பில் தழும்புகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். எண்ணெய்க்குள் அவை நெளிந்தன. முதுகு முடிந்து புரட்டிப் போட்டு வயிற்றை வழித்தவள் அப்படியே உறைந்துபோனாள்.

பளிங்கிக்குக் கொப்பூழ் இல்லை. அவளை யாரும் பெற்றிருக்கவில்லை.

மருதாயிக்குப் பயத்தோடு பாவமாகவும் இருந்தது. பட்டுத்துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள். அடியில் உடம்பு கரைந்து, வெள்ளைக் களிம்பாகச் சாக்கடை வழியே ஏரிக்கு ஓடியது. கடைசியில் வெறும் பட்டுத்துணிதான் கிடந்தது.

கிண்ணத்தோடு ஓடினாள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டெடுத்து, உரியவருக்கு உரியதை வைத்தாள். பணியாரக்காரி நெருப்பைக் கண்டு பின்வாங்கினாள். ராணி, "ஐயோ என் ராசா!" என்று பிள்ளையை வாரி அணைத்தாள், தன் முத்துமாலையைக் கழற்றி மருதாயி கழுத்தில் போட்டாள்.

கிண்ணத்தில் ஒன்று மீந்தது. மருதாயி மகள் எதிரே உட்கார்ந்தாள். அந்தத் தோள் மாசு மருவில்லாமல் இருந்தது. இப்படியே விட்டால் அவளுக்குத் தழும்பும் இல்லை, அம்மாவும் இல்லை.

"ஏங்க அழறீங்க?" என்றாள் பொன்னரும்பு.

"நான் உன் அம்மாடி. இதை வெச்சா எரியும், தழும்பு திரும்பி வந்துடும். அது நீ இழுத்துக் கொட்டிக்கிட்டது இல்லை கண்ணு. நான்தான் சட்டியை விட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன். வேண்டாம்னா சொல்லு, இப்படியே போயிடறேன்."

பொன்னரும்பு அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோளைக் காட்டினாள். "வைங்க."

மருதாயி தழும்பை எடுத்து வைத்தாள்.

"அம்மா! சுடுதும்மா!"

ஏழு வயதில் அலறிய அதே அலறல். மருதாயி அவளைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுடுடி, மன்னிச்சுடு" என்று அழுதாள்.

"நீ விட்டதுதான்னு அன்னிக்கே தெரியும்மா" என்றாள் மகள். "நீயாவே சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

கதை கேட்டவர்களே, உங்கள் உடம்பிலும் எங்கேயாவது ஒரு தழும்பு இருக்கும். தடவிப் பாருங்கள். அதைத் தந்தவர் பெயர் ஞாபகம் வருகிறதா? அப்படியானால் பளிங்கி உங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை.