தேனோடு கட்டிய கிழங்கு

ஒரு காட்டில், மருதமரத்தடியில் நரி ஒன்று கடை போட்டிருந்தது. அதன் கடைத் தேனுக்கு நல்ல பெயர். மூங்கில் குழாயில் அடைத்துத் தரும். ஒரு விளாம்பழம் கொடுத்தால் ஒரு குழாய்த் தேன்.

கடையில் கிழங்கும் வைத்திருந்தது. ஆனால் தேன் விற்ற வேகத்தில் கிழங்கு விற்கவில்லை.

"கூடவே கிழங்கும் வேணுமா?" என்று நரி எல்லோரையும் கேட்டுப் பார்த்தது.

"வேண்டாம்" என்றது மான்.

"வேண்டவே வேண்டாம்" என்றது காட்டெருமை.

'கேட்பதால்தானே வேண்டாம் என்கிறார்கள்! கேட்காமலே விட்டால்?' என்று நரி யோசித்தது.

மறுநாள் தேனையும் கிழங்கையும் தேக்கிலையில் ஒன்றாகச் சுற்றியது. காட்டுக்கொடியால் இறுக்கி முடிச்சுப் போட்டு, வரிசையாகத் தொங்கவிட்டது. ஒரு கட்டுக்கு மூன்று பழம்.

"எனக்குத் தேன் மட்டும் போதுமே" என்றது மான்.

"தாராளமா! முடிச்சை அவிழ்த்துத் தேனை மட்டும் எடுத்துக்கோ, ஒரு பழம் போதும். நான் தடுக்கவா போறேன்?"

மான் தன் குளம்பைப் பார்த்தது. முடிச்சைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் காட்டெருமை புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

"சரி, அப்படியே கொடு."

அன்று முதல் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்குப் போய்க் கட்டை வெகுநேரம் கடித்துப் பிரித்தவர்கள், கிழங்கு புழுத்திருப்பதைக் கண்டார்கள். 'நமக்கு மட்டும்தான் இப்படி வந்தது போல' என்று எண்ணி, யாரும் வெளியே சொல்லவில்லை.

ஒருநாள் முள்ளம்பன்றி ஓடி வந்தது. அதன் குட்டிக்கு மூன்று நாளாக விடாத இருமல். அது கொண்டு வந்ததோ ஒரே ஒரு விளாம்பழம்.

"நரியண்ணே, குட்டி இருமியே துவண்டுபோச்சு. தேன் மட்டும் கொடுங்க."

"கட்டாத்தான் இருக்கு தாயி. வேணும்னா அவிழ்த்துக்கோ" என்று நரி கொட்டாவி விட்டது.

முள்ளம்பன்றி பல்லால் இழுத்தது. நகத்தால் கீறியது. முடிச்சு இன்னும் இறுகியது.

"சீக்கிரம், பின்னால கூட்டம் நிக்குது பார்!"

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் முள் எழும்தானே! சடசடவென்று முதுகைச் சிலிர்த்தது. திரும்பி நின்று, விறைத்த முள் ஒன்றை முடிச்சுக்குள் நுழைத்து ஒரு நெம்பு நெம்பியது. கொடி அவிழ்ந்தது. தேன் குழாயோடு புழுத்த கிழங்கும் எல்லோர் முன்னாலும் உருண்டது.

"அட, உனக்கும் புழுவா?" என்றது மான்.

"உனக்குமா?" என்றது காட்டெருமை.

முள்ளம்பன்றி பழத்தை வைத்துவிட்டுத் தேனை எடுத்தது. உடனே வரிசை முழுவதும் அதைச் சூழ்ந்துகொண்டது.

"அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் முதுகைக் காட்டுங்க!"

"எனக்கு நேரமில்லை. உதிர்ந்த முள் ரெண்டு கீழே கிடக்கு, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அது ஓடியது. அன்று மாலையே குட்டியின் இருமல் அடங்கியது.

மறுநாள் நரி எல்லாக் கட்டுகளையும் தானே பிரித்தது. கிழங்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேனை மட்டும் பரப்பி வைத்தது.

"நல்ல தேன்! தனித் தேன்! ஒரே பழம்!"

மான் வந்தது. குழாயைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது.

"இதுல கிழங்கை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

"ஐயோ, ஒண்ணுமே இல்லை!"

"அப்படியா?" என்று சொல்லிவிட்டு மான் நடையைக் கட்டியது.

நீதி: கேட்காததை வாங்குபவர் தலையில் கட்டினால், கேட்டதை வாங்கவும் அவர் வரமாட்டார்.