ஸ்ட்ரெச்சரில் வந்த அண்டா

நகராட்சி மண்டபத்தில் ஒரே கூச்சல். ஊருக்குள் இனி ஒரே ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனிதான் ஓடலாம், வேறு யாரும் நோயாளியை ஏற்றக் கூடாது என்று தலைவர் வேலாயுதப்பெருமாள் விதி கொண்டுவந்திருந்தார். அந்தக் கம்பெனி அவருடைய மச்சானுடையது.

"கூப்பிட்டா வண்டி வர்றதே இல்லீங்க," என்றது கூட்டம்.

"அப்படியா? இப்பவே இங்கேயே நிரூபிங்க. முடியலேன்னா பேசாம விதிக்கு ஆதரவா கையைத் தூக்குங்க."

தலைவர் வீட்டு விசேஷம் அத்தனைக்கும் மைக்செட் கட்டும் இருளப்பன் மட்டும் எழுந்தான். போனில் கம்பெனியைக் கூப்பிட்டு மைக்குக்கு நேராகப் பிடித்தான்.

"மண்டபத்துல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. வண்டி அனுப்புங்க."

"வண்டி எதுவும் இல்ல. ஆட்டோ பிடிச்சுக்கங்க," என்றது ஒலிபெருக்கி.

தலைவர் அசரவில்லை. "எங்கேயாவது உயிரைக் காப்பாத்தப் போயிருக்கும்யா."

இருளப்பன் பணிவாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி அதே கம்பெனியை மறுபடி கூப்பிட்டான்.

"மண்டபத்துல இருந்து பேசறேன். கூட்டத்துக்குச் சொன்ன பிரியாணி இன்னும் வரலை. தலைவர் முகமே சரியில்ல."

"ஐயையோ, இதோ கிளம்பிட்டோம்ணே."

கொஞ்ச நேரத்தில் சைரன் அலறிக்கொண்டு வந்தது. தெருவே ஒதுங்கி வழிவிட்டது. பின்கதவைத் திறந்தால், தலைவர் வீட்டு விசேஷங்களுக்கு வருவதுபோலவே, ஸ்ட்ரெச்சரில் பெல்ட் போட்டுக் கட்டிய பிரியாணி அண்டா.

இருளப்பன் மைக்கில் சொன்னான்: "ஐயா, விதியில ஒரு வரி சேர்த்துக்குங்க. நெஞ்சுவலி வந்தவங்க பிரியாணின்னு சொல்லிக் கூப்பிடணும்."

அன்று விதிக்கு ஒரு கைகூட எழவில்லை. அண்டாவை நோக்கி மட்டும் எல்லாக் கையும் நீண்டது.