உத்தரவுக்குக் காத்திருந்த கிளி

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு கரடி கிளி வளர்த்தது.

காட்டில் யாரும் யாரையும் வளர்ப்பதில்லை. அவரவர் வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கும். ஆனால் சூறைக்காற்றில் மரப்பொந்திலிருந்து விழுந்து கிடந்த கிளிக்குஞ்சை அப்படியே விட்டுவிட்டு வரக் கரடிக்கு மனம் வரவில்லை. எடுத்து வந்து, அத்திப்பழத்தை மென்று மென்று ஊட்டியது. கிளி பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு சிறகு கோணலாகவே நின்றுவிட்டது. பறக்க வராது. அதனால் கரடியின் தோளிலும் குகையிலுமே அதன் வாசம்.

எல்லாம் சரி, எச்சம்தான் தொல்லை!

கரடியின் தோளில் எச்சம். படுக்கிற சருகில் எச்சம். ஆசை ஆசையாய்க் கொண்டுவந்த தேனடையின் மேலும் எச்சம்.

"இது குகையா, கொக்கு அடையுற மரமா?" என்று பக்கத்துப் புளியமரத்து மந்தி கேலி செய்தது.

கரடிக்கு மானமே போய்விட்டது. "இனிமே உள்ளே அசிங்கம் பண்ணினே, தொலைச்சுப்புடுவேன்!" என்று கிளியைப் பார்த்து உறுமியது.

கிளிக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். கரடி மாமா பார்க்கும்போது எச்சமிடக் கூடாது! ஆகவே மாமா பார்க்காத நேரமாகப் பாறை இடுக்கில் போய் முடித்துக்கொண்டது. நாற்றம் மூக்கைத் துளைத்த பிறகுதான் கரடிக்கு விஷயமே தெரிந்தது.

திட்டிப் பயனில்லை என்று கரடி உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தது. கரையான் புற்றின் அருகே காத்துக் கிடந்து பழகிய பிராணி, பொறுமைக்குப் பஞ்சமில்லை. கிளி தூங்கி எழுந்ததும் எச்சமிடும். தின்ற சற்று நேரத்தில் எச்சமிடும். அதற்கு முன்னால் ஓர் எட்டு பின்னால் வைத்து வாலைத் தூக்கும். இதைத் தெரிந்துகொண்டால் போதாதா?

குகைக்கு வெளியே ஒரு பட்ட மரக்கட்டை கிடந்தது. கிளி வாலைத் தூக்கினால் போதும், கரடி அதை வாரிக்கொண்டு ஓடும். கட்டையின் மேல் உட்கார வைத்து, "ம், ஆகட்டும்!" என்று சொல்லும். காரியம் முடிந்ததும், "என் தங்கமே!" என்று கொஞ்சி ஒரு துண்டு கொய்யா கொடுக்கும். சில சமயம் போகிற வழியிலேயே கரடியின் கையில் ஆகிவிடும். கரடி கையைப் புல்லில் துடைத்துக்கொள்ளுமே தவிர, திட்டாது. மெல்ல மெல்லக் கிளி பழகிவிட்டது. குகை சுத்தமானது.

இத்தோடு கரடி நிறுத்தியிருக்கலாம். பெருமை யாரை விட்டது?

ஒருநாள் மந்தியையும் நரியையும் விருந்துக்குக் கூப்பிட்டது. கிளிக்கு வயிறு முட்டப் பழம் கொடுத்து, கட்டையில் உட்கார வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கிளி வாலைத் தூக்கியது.

"ஊஹூம்! நான் சொல்லலையே!" என்றது கரடி.

கிளி வாலை இறக்கியது. நெளிந்தது. காலை மாற்றி மாற்றி வைத்தது. விருந்தாளிகள் நன்றாகப் பார்த்து முடித்த பிறகு, "ஆகட்டும்!" என்றது கரடி. உடனே காரியம் ஆனது!

"அடேயப்பா! உங்க உத்தரவு இல்லாம ஒரு சொட்டு விழாது போலிருக்கே!" என்று நரி வாயைப் பிளந்தது.

"அதோட வயிறு, அதோட அவசரம். நடுவுல நீ என்ன காவல்காரனா?" என்றது மந்தி.

"உனக்குப் பொறாமை!" என்று கரடி அதன் வாயை அடைத்தது. அன்று முதல் யார் வந்தாலும் இதே வேடிக்கைதான். கரடி சொல்வதற்கு முன் கிளி எச்சமிட்டால் கொய்யாவும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் கரடி கிளிக்குப் பழங்களை வைத்துவிட்டு, தேனெடுக்க அக்கரைக்குப் போனது. போன இடத்தில் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றில் வெள்ளம் புரண்டது. கரடி அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது.

இங்கே கிளி பழத்தைத் தின்றது. தானாகவே கட்டைக்கு நடந்துபோய் ஏறி உட்கார்ந்தது. வாலைத் தூக்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வாலை இறக்கிவிட்டது.

மறுநாள் காலையில் மந்தி பார்த்தபோதும் கிளி அங்கேயே இருந்தது. இறகெல்லாம் உப்பியிருந்தது. கண் செருகியிருந்தது.

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"வயிறு வலிக்குது அக்கா."

"போயேண்டி! கட்டையிலதானே உக்காந்திருக்கே!"

"மாமா சொல்லலையே."

"நான் சொல்றேன், ஆகட்டும்!"

"நீங்க மாமா இல்லையே!"

அந்தப் பக்கம் வந்த நரி புதருக்குள் மறைந்து கரடிக் குரலில், "ஆகட்டும்!" என்று உறுமிப் பார்த்தது. கிளி ஏமாறவில்லை. கரடி இருக்கும் பக்கம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று மந்தி கை வைத்தால், கொத்தியது. வேறு வழியில்லாமல் மந்தி ஆற்றங்கரைக்கு ஓடி, தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த கிளையின் நுனிக்குப் போய்க் கத்தியது.

"உன் கிளி சாகப் போகுது! நீ சொன்னாத்தான் போவேன்னு உக்காந்திருக்கு!"

கேட்டதும் கரடி தேனடையை எறிந்துவிட்டு வெள்ளத்தில் குதித்தது. நீர் அதை உருட்டிப் புரட்டி வெகுதூரம் இழுத்துப் போனது. ஒரு வேரைப் பிடித்து எப்படியோ கரையேறி, சொட்டச் சொட்ட ஓடிவந்தது.

"ஆகட்டும்! ஆகட்டும், என் தங்கமே!"

கிளி வாலைத் தூக்கியது. ஒன்றும் வரவில்லை. அவ்வளவு நேரம் அடக்கிய வயிறு இறுகிப் போயிருந்தது. கரடி அதன் வயிற்றை விரலால் தடவித் தடவிக் கொடுத்தது. தடவும்போதே அழுதது. ஊருக்கு வேடிக்கை காட்ட ஒரு சின்ன உயிரை இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. நெடுநேரம் கழித்துக் கிளி முக்கி முனகி எச்சமிட்டது.

கரடி அதைத் தோளில் ஏற்றிக் குகைக்குள் கொண்டுபோனது.

கிளி தேறியதும், கரடி தினமும் அதைக் கட்டையில் விட்டுவிட்டு விலகிப்போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

"மாமா, சொல்லுங்க!" என்று கிளி கெஞ்சும்.

"வயிறு உன்னுது. எப்போன்னு உனக்குத்தான் தெரியும்!" என்று சொல்லிவிட்டுக் கரடி திரும்பாமலே இருக்கும். கிளி எச்சமிட்ட பிறகு வந்து கொஞ்சும்.

பின்னொரு நாள் நரி இந்த வேடிக்கையைக் காட்ட வெளியூர் உறவுகளை அழைத்துவந்தது. பேச்சின் நடுவே கிளி கரடியின் மடியிலிருந்து இறங்கி, யாரையும் கேட்காமல் கட்டைக்கு நடந்துபோய் முடித்துவிட்டுத் திரும்பியது.

"என்ன கரடியாரே, உத்தரவே போடலையே!" என்றது நரி ஏமாற்றத்தோடு.

"அதுக்கு வந்துச்சு, போச்சு," என்று சொல்லிவிட்டுக் கரடி கிளிக்கு அத்திப்பழத்தைப் பிட்டுக் கொடுத்தது.

கிளியானாலும் பிள்ளையானாலும், நாம் பக்கத்தில் இல்லாதபோதும் தானாகவே நடந்துகொள்ளும்படி பழக்குவதுதான் நல்ல வளர்ப்பு.