படகுக்கு ஒரு நிழல்

கடலும் உப்புநீர் ஏரியும் சேரும் இடத்தில் ஒரு திட்டு. அதில் மீனவர் குடியிருப்பு ஒன்று. அதையடுத்து ஒரு சிறிய மடம்.

மடத்தில் இருந்தவர் மரகதம் அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தணிகாசலமோ கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரைத்தவர். தணிகாசலம் மரகதத்தை “அம்மா” என்பார். அம்மா அவரை “ஐயா” என்பார்.

திட்டில் ஆஸ்பத்திரி இல்லை. முடியாதவர்களை ஏரியைக் கடந்துதான் கொண்டுபோக வேண்டும். அதற்காக மடத்தில் ஒரு மோட்டார் படகு இருந்தது. ஓட்டுவது தணிகாசலம். படகின் பின்பாதியில், சுக்கானுக்கு முன்னால், தொட்டி போலப் பள்ளமாக ஓர் இடம். வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். முடியாதவர்கள் படுத்துக்கொள்வார்கள். மேலே மறைப்பு எதுவும் கிடையாது.

ஒரு கோடையில் அந்த இடத்துக்குக் கூரைத் துணி கட்டத் தீர்மானித்தார் தணிகாசலம். பட்டணத்துக்குப் போய் மாதிரித் துண்டுகள் வாங்கிவந்து அம்மாவின் முன்னால் பரப்பினார்.

“தார்ப்பாய் வேண்டாம்மா. கீழே புழுங்கும். காத்துல படபடன்னு அடிச்சுக்கும். கேன்வாஸ் நனைஞ்சா லேசுல காயாது, பூசணம் பிடிக்கும். இது படகுக்குன்னே நெய்யுற துணி. மெலிசு. உப்புக்கும் வெயிலுக்கும் தாங்கும்.”

“சரி.”

“நிறம்தான் பிடிபடல. வெள்ளைன்னா கண்ணு கூசும். கறுப்பு சூட்டை இழுக்கும். என்ன நிறம் எடுக்கட்டும்?”

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

“நீலம்.”

“அப்ப நீலமே கட்டுங்க.”

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று தணிகாசலம் காத்திருந்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

தணிகாசலம் தன் கையாலேயே தைத்தார். ஓரங்களை இரண்டாக மடித்து, கயிறு கோத்து, கம்பிகளில் இழுத்துக் கட்டினார். கப்பலில் கற்ற முடிச்சுகள், புயலுக்கும் அவிழாதவை. கட்டி முடித்து அடியில் போய் உட்கார்ந்தபோது அவருக்கே மலைப்பாக இருந்தது. உச்சி வெயில் துணிக்குள் புகுந்து நீலமாகக் கசிந்தது. பலகை நீலம், கயிறு நீலம், அவர் கையும் நீலம். கடலுக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

ஏறியவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். “ஏசி போட்ட மாதிரி இருக்கு கேப்டன்” என்றார்கள். அம்மாவும் ஒருநாள் வந்து உட்கார்ந்தார்.

“அழகா இருக்கு” என்றார்.

சில நாள் கழித்து ஒரு நண்பகலில் குடியிருப்பைச் சேர்ந்த செங்கமலத்துக்கு இடுப்புவலி கண்டது. தலைப்பிரசவம். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். திட்டுக்கு வந்து போகும் நர்ஸ் ரோஸ்லின் அன்று அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. “நாள் இன்னும் இருக்கு, அதுக்குள்ள வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றார். அம்மா செங்கமலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரோஸ்லினோடு படகில் ஏறினார்.

பாதி ஏரியில் படகு தரைதட்டியது. கடலின் இறக்கத்தில் ஏரியின் நீரும் வடிந்திருந்தது. மோட்டார் சேற்றைக் கிளறி உறுமி நின்றது. தணிகாசலம் வேட்டியைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளினார். படகு அசையவில்லை.

“கேப்டன், இனிமே தள்ளி புண்ணியமில்ல” என்று ரோஸ்லின் கத்தினார். “தலை தெரியுது.”

தணிகாசலம் படகில் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி நின்றார். நாலு பக்கமும் தண்ணீர். செங்கமலத்தின் அலறல் ஏரி மேல் நெடுந்தூரம் போனது. பிறகு அது நின்றது.

வேறு எந்தச் சத்தமும் எழவில்லை.

“அழலியே” என்றாள் செங்கமலம். “அக்கா, ஏன் அழல?”

ரோஸ்லின் குழந்தையைத் துடைத்தார். வாயில் விரல் விட்டுச் சுத்தம் செய்தார். முதுகைத் தேய்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். முகத்தருகே குனிந்து பார்த்தார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “மூச்சு இருக்கான்னு தெரியல. நிறம் தெரியல. எல்லாமே நீலமா இருக்கு!”

தணிகாசலம் திரும்பினார். குழந்தை நீலம். தாயும் நீலம். குனிந்திருந்த நர்ஸின் முகமும் நீலம். உயிருள்ளதும் இல்லாததும் ஒரே நிறத்தில் கிடந்தன. அவர் கை முடிச்சுக்குப் போனது. புயலுக்கும் அவிழாத முடிச்சு அவர் விரலுக்கும் அவிழவில்லை.

அம்மா பலகை இடுக்கிலிருந்த மீன் கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பில் துணியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழித்தார்.

வெயில் கொட்டியது.

தாயின் முகத்துக்கு அதன் நிறம் திரும்பியது. ரத்தம் சிவப்பாயிற்று. குழந்தைக்கு மட்டும் எதுவும் திரும்பவில்லை. நாவல்பழத்தின் நிறத்தில் அது கிடந்தது.

மூச்சில்லை என்பது தெரிந்துவிட்டது; ரோஸ்லினுக்கு இனி யோசிக்க ஒன்றுமில்லை. குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, பூவை ஊதுவது போல மெல்ல ஊதினார். நெஞ்சு உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும்.

தணிகாசலம் கழற்றிப் போட்டிருந்த தன் வேட்டியை எடுத்து, தாயின் மேல் வெயில் படாமல் விரித்துப் பிடித்தார். அதன் மறுமுனையை அம்மா பிடித்தார். வெளுத்த பழைய வேட்டி. ரோஸ்லின் குழந்தையோடு அதனடியில் நகர்ந்து தொடர்ந்து ஊதினார்.

அப்போதுதான் அது நடந்தது.

முதலில் நெஞ்சுக்குழியில், ஒரு விரல் அகலத்துக்கு, லேசாகச் சிவந்தது. அது பரவியது. வயிற்றுக்கு வந்தது, கழுத்துக்கு ஏறியது. உதடு மாறியது. கன்னம் மாறியது. கைகால்கள் மட்டும் இன்னும் கறுத்திருந்தன. உள்ளே எங்கிருந்தோ யாரோ விளக்கை ஏந்திக்கொண்டு அறை அறையாக வருவது போல நிறம் வந்துகொண்டே இருந்தது.

உலகத்துக் கடல்களில் பாதியைப் பார்த்தவர் தணிகாசலம். நடுக்கடலில் உதயங்களைப் பார்த்தவர். இப்படியொன்றை அவர் பார்த்ததில்லை. வேட்டியைப் பிடித்த கைகள் தானாகவே கும்பிடுவது போல நெருங்கின. தாயின் மேல் வெயில் விழவும் சட்டென்று விலக்கி விரித்தார்.

குழந்தை முகத்தைச் சுருக்கியது. அழுதது.

“பொண்ணு” என்றார் ரோஸ்லின். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

நீர் ஏறிப் படகு மிதக்கும்வரை இருவரும் வேட்டியைப் பிடித்தபடியே நின்றார்கள். ஆஸ்பத்திரியில் தாயையும் மகளையும் பார்த்துவிட்டு, இருவருக்கும் ஆபத்தில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் தணிகாசலம் படகைக் கழுவினார். கிழிந்த நீலத் துணியைக் கம்பியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நான் கட்டின துணி அந்த உயிரை எடுத்திருக்கும்மா.”

“வெயிலும் எடுத்திருக்கும்.”

“கட்டுறதுக்கு முன்னாடியே நீங்க தடுத்திருக்கலாமே?”

“எனக்கும் அது அழகாத்தான் இருந்துச்சு. இப்படி ஆகும்னு எனக்கும் தெரியாதுய்யா.”

தணிகாசலம் தலையை நிமிர்த்தினார். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. தான் பார்த்ததைத்தான் அவரும் முதன்முறையாகப் பார்த்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

“அப்ப இனிமே கூரையே வேண்டாமா?”

“வேணும். நாளைக்கும் ஆளுங்க வருவாங்க.”

“சரி. என்ன நிறத்துல எடுக்கட்டும்?”

அம்மா ஏரியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“நீங்க நிழலை மட்டும் குடுங்கய்யா. நிறத்தை வர்றவங்க கொண்டு வருவாங்க.”