நவரத்தினச் சூப்பான்

வெகு காலத்துக்கு முன்னால் பூவலம் என்ற சீமையை வீரகண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு வராது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு, ராஜாவின் நகைக் காப்பாளர் சொர்ணப்பிரகாசர் எப்பேர்ப்பட்ட மேதாவி என்பதைக் கேளுங்கள்.

பொன் பூசாத பொருளைப் பொருள் என்றே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மழை பெய்தால்கூட, "வெறும் தண்ணீர்தானா?" என்று முகம் சுளிக்கும் ரகம்.

ஐந்து மாத இளவரசனுக்கு ஈறு ஊறத் தொடங்கியது. பிள்ளை ஊரைக் கூட்டி அழுதான். ராஜா அந்தப் பிள்ளையைவிடப் பெரிய பிள்ளை. "யாரங்கே! இவன் வாய்க்கு ஒரு சூப்பான் வேண்டும்! இப்போதே வேண்டும்! இல்லையென்றால் நானும் அழுவேன்!" என்று சபையில் காலை உதைத்தான்.

இளவரசனை வளர்க்கும் செவிலி பூவாத்தாள் மடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். பாலைமரத்தில் வழவழவென்று கடைந்தது.

"ஒரே கட்டையில கடைஞ்சது மகாராசா. ஒட்டும் இல்ல, இடுக்கும் இல்ல. வெந்நீர்ல ஒரு அலசு அலசினா முடிஞ்சுது. விளிம்பு அகலமா இருக்கு, உள்ள போயிடாது. மூச்சு விட ஓட்டையும் போட்டிருக்கேன்."

சொர்ணப்பிரகாசருக்கு உடம்பெல்லாம் கூசியது. மரமா? நாளைக்கு அரியணை ஏறப்போகிற வாயில் விறகா?

"மன்னா! அடியேன் இருக்க இந்த அவமானமா?" என்று கத்திக்கொண்டே கருவூலத்துக்கு ஓடியவர், ஒரு தங்கச் சூப்பானோடு திரும்பினார். ஒன்பது கற்கள், ஏழு சலங்கைகள், சுற்றிலும் கொடியும் பூவுமாகச் செதுக்கல். அந்தச் செதுக்கலின் ஒவ்வோர் இடுக்கிலும் ஓர் எறும்புக் குடும்பம் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தலாம்.

"எப்படிக் கழுவறதுங்க?" என்றாள் பூவாத்தாள்.

"கழுவுவதா! மெருகு போய்விடாதா, பெண்ணே?"

இளவரசன் வாயில் வைத்தார்கள். த்தூ! மறுபடி வைத்தார்கள். த்தூ! மூன்றாம் தடவை அது நேராகச் சொர்ணப்பிரகாசர் மூக்கில் வந்து விழுந்தது.

"பார்த்தீர்களா மன்னா! துப்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!"

"அப்படியா!" என்று ராஜா எழுந்தான். யோசிக்கும் வழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. "பூவாத்தா, பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு!"

பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையைத் தோளைவிட்டு இறக்காதவள் அவள். குரல் உடைந்துபோய், "அஞ்சு மாசப் புள்ளைக்கு நான் என்னத்தச் சாமி சொல்லிக்குடுப்பேன்?" என்றாள்.

அமைச்சர் நல்லாதனார் மெல்ல இருமினார். "மன்னா, விசாரித்துவிட்டு அனுப்புவோம். அதற்கு முன், அவசரத்தில் நாம் மறந்த ஒரு சம்பிரதாயம். இளவரசர் வாய்க்குப் போவது எதுவானாலும் கொண்டுவந்தவர் முதலில் சுவைத்துக்காட்ட வேண்டும். பால் என்றால் ஒரு மடக்கு. சூப்பான் என்றால் உச்சிவேளை மணி அடிக்கும்வரை. நடுவில் எடுத்தால் பொருள் தேறாது. இளவரசருக்கும் முன்னால் சுவைக்கும் பாக்கியம்! யாருக்குக் கிடைக்கும்?"

சொர்ணப்பிரகாசர் நெஞ்சு விம்மியது. "தேன் தொட்டுக் கொடுங்கள்! எல்லாம் முறைப்படி நடக்கட்டும்!" என்று ஆவென வாயைத் திறந்தார்.

வைத்தார்கள். சபை நடந்தது. அவர் வாயும் நடந்தது. தாடை இற்றுப்போனது, எச்சில் அங்கவஸ்திரத்தில் வாய்க்கால் வெட்டியது, தேனுக்கு எறும்பு வரிசை கட்டியது. ஒரு பவழம் கழன்று தொண்டைக்குள் இறங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார்.

நல்லாதனார் பக்கத்தில் வந்து விசிறினார். "அடடா! இவ்வளவு கனத்தைத் தாங்குவது வீரம்தானே ஐயா?"

"ம்ம்!" என்று பெருமையாகத் தலையாட்டினார்.

"பச்சைப் பிள்ளைகளால் ஆகுமா இது? பெரியவர்களுக்கே உரிய ஆற்றல் அல்லவா?"

"ம்ம்! ம்ம்!"

"யார் சொல்லிக்கொடுத்தும் வராது, யார் சொல்லிக்கொடுத்தும் போகாது. தாங்கும் தாடை பிறவியிலேயே அமைய வேண்டும். அப்படித்தானே?"

"ம்ம்! ம்ம்! ம்ம்!" சலங்கைகள் ஏழும் கிலுகிலுத்தன. இத்தனை நாள் இந்த அமைச்சரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

மணி அடித்தது. உதடு வீங்க, முகத்தில் எறும்பு ஊர, சூப்பானை உயர்த்திப் பிடித்து, "வென்றேன்!" என்றார்.

ராஜா எட்டிப் பார்த்தான். "எட்டுக் கல்தான் இருக்கிறது?"

"ஒன்பதாவது... பத்திரமாக இருக்கிறது மன்னா. இப்போது அந்தச் செவிலியை விசாரியுங்கள்!"

"விசாரணை முடிந்துவிட்டதே! குற்றம் இல்லை. என் முத்துமாலையையும் அவளுக்கே கொடுத்தேன்."

அப்போதுதான் அவர் பார்த்தார். பூவாத்தாள் கழுத்தில் மாலை. அவள் தோளில் இளவரசன், வாயில் அந்த விறகு, சத்தமே இல்லை.

"எந்தச் சாட்சியை நம்பி அவளை விட்டீர்கள்?" என்று சீறினார். "எந்த மடையன் அவன்? என் எதிரில் நிற்கச் சொல்லுங்கள்!"

"மன்னன் வாயால் மடையன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. நீரே சொல்லிவிட்டீர்," என்றான் ராஜா. "ஓலைக்காரா, நீ எழுதிய சாட்சியத்தைப் படி!"

ஓலைக்காரர் தொண்டையைச் செருமினார். "கேள்வி ஒன்று: சூப்பான் கனமா? சாட்சி ஆம் என்றார். கேள்வி இரண்டு: பிள்ளையால் தாங்க முடியுமா? முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். கேள்வி மூன்று: துப்பியது யாரும் சொல்லிக்கொடுத்ததாலா? இல்லை என்று சாட்சி மும்முறை ம்ம் கொட்டி, சலங்கை அதிரத் தலையாட்டினார்."

சரிதான், சரிதான் என்று கேட்டுக்கொண்டே ஆடிக்கொண்டிருந்த சொர்ணப்பிரகாசரின் தலை, பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றது.